‘மூடல்’ என்பதை ‘நிறுத்திவைப்பு’ என்று வாசிக்கவும்

அன்புள்ள தம்பி,

காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கண்காணிக்கும் உடன்படிக்கையின் செயலகம் நேற்று தன் இணையதளத்தில் ஓர் அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. நீ வேலை பார்க்கும் தீவு நாட்டோடு இந்த வணிகத்தை நிறுத்திவைக்குமாறு உறுப்பு நாடுகளுக்கு விடுத்திருந்த பரிந்துரை திரும்பப் பெறப்படுகிறது. கிளிகளுக்கான நிறுத்திவைப்பு மட்டும் தொடரும். ஆதாரம் அந்த அறிவிக்கைதான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தேன். அதன் பிறகு உன்னிடமிருந்து வந்த குரல் செய்தியில் “ஆமாம்மா, உண்மைதான்” என்று இரண்டே சொற்கள் இருந்தன. இரண்டு இடத்தில் உறுதிப்பட்ட பிறகுதான் உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஞாயிறு ஆராதனைக்கு எடுத்து வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், தஞ்சாவூரில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டு வந்தார். நேற்று புதன்கிழமை.

இதை நான் போனிலேயே சொல்லியிருக்கலாம். பத்திரிகையில் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் தவறு அச்சில் வந்தது. அதற்கான பதிலும் அச்சில்தான் வர வேண்டும். அதனால் உனக்கு நன்றாகத் தெரிந்த சில விஷயங்களையும் படிப்பவர்களுக்காகச் சொல்லிக்கொண்டு போவேன், பொறுத்துக்கொள். முப்பது வருடம் மாவட்ட நிருபராக இருந்தவளுக்கு, தெரிந்தவனுக்கு எழுதினாலும் தெரியாதவனுக்கு எழுதுவது போலத்தான் கை வருகிறது.

நீ ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாய். குறுவை அறுவடை சமயம். குடவாசல் பக்கத்தில் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் திடீரென்று நெல் எடுப்பதை நிறுத்தினார்கள். விசாரித்ததில் தெரிந்தது இது. வெளி மாவட்டத்திலிருந்து லாரியில் வந்த நெல்லை, உள்ளூர் விவசாயிகளின் நெல் என்று சொல்லி வியாபாரிகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் என்று கிராமக் கணக்கில் எழுதும் அடங்கலில், தரிசாகக் கிடந்த வயல்கள்கூடக் குறுவை விளைந்த வயல்களாக இருந்தன. காகிதம் சுத்தமாக இருந்தது. வயலில்தான் நெல் இல்லை. அடங்கல்களைச் சரிபார்க்கும்வரை கொள்முதலை நிறுத்திவைத்திருப்பதாகவும், இரண்டு நாள் பிடிக்கும் என்றும் அதிகாரி என்னிடம் போனில் சொன்னார். என் செய்தியின் இரண்டாவது பத்தியில் அதை அப்படியே எழுதினேன். தலைப்பு வைக்கும்போதுதான் இடறினேன். பேப்பரில் ஒரு கட்ட அகலமே உள்ள செய்தி. ‘நிறுத்திவைப்பு’ என்ற சொல் அந்த அகலத்தில் அடங்காது. ‘கொள்முதல் நிலையம் மூடல்’ என்று போட்டு அனுப்பினேன். அலுவலகத்தில் செய்தி மேசையில் இருந்தவர்கள் என் தலைப்புகளை மாற்றுவதில்லை. சின்னதாக, நறுக்கென்று வைப்பேன் என்று எனக்குப் பெயர், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

செய்தி வந்து நான்கு நாள் கழித்து ஒருவர் என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். பெயர் ராஜமாணிக்கம், இரண்டரை ஏக்கர் குத்தகை நிலம். நீ விடுமுறைக்கு வந்திருந்தாய், உன் பைக்கில்தான் போனோம். அவருடைய களம் காலியாக இருந்தது. ஒரு ஓரத்தில் தார்ப்பாய் மடித்து வைத்திருந்தது. கோபமாக இருப்பார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் நாற்காலி எடுத்துப் போட்டு, மோர் கொடுக்கச் சொல்லிவிட்டு, நடந்ததை வரிசையாகச் சொன்னார். முறை வராமல் மூன்று நாள், நிறுத்திய பிறகு இரண்டு நாள் என்று ஐந்து நாள் நெல்லைக் குவித்துவிட்டுக் காத்திருந்திருக்கிறார். வானம் கறுத்துக்கொண்டு வந்திருக்கிறது. அப்போது ஒரு வியாபாரி கையில் எங்கள் பேப்பரோடு களத்துக்கு வந்து, தலைப்பை மட்டும் உரக்க வாசித்துக் காட்டியிருக்கிறார். வியாபாரி சொன்ன விலைக்கு ராஜமாணிக்கம் நெல்லை ஏற்றி விட்டுவிட்டார். அடுத்த நாளே நிலையம் திறந்தது. பேப்பரை வாசித்துக் காட்டிய அந்த வியாபாரி, அடங்கல் விசாரணையில் பெயர் அடிபட்டவர்களில் ஒருவர்.

செய்தியில் தவறில்லையே, இரண்டாவது பத்தியில் தெளிவாக எழுதியிருக்கிறேனே என்று நான் ஆரம்பித்தேன். அவர் என் பேச்சை வெட்டவில்லை. நான் முடிக்கும்வரை இருந்துவிட்டுச் சொன்னார்:

“யாரும்மா களத்துல நின்னுக்கிட்டு ரெண்டாவது பத்தியப் படிக்கிறது? நிறுத்தி வச்சிருக்காங்கன்னு மேல போட்டிருந்தீங்கன்னா நானும் நின்னிருப்பேன். மூடிட்டாங்கன்னா நான் எங்க போயி நிக்கிறது?”

திரும்பி வரும்போது வலங்கைமானில் வண்டியை ஓரம் கட்டினாய். டீ சொன்னாய். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, “அம்மா, தலைப்பும் செய்திதானே?” என்று கேட்டாய். டீக்குக் காசு கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தாய். அன்றைக்கு நான் ஒரு திருத்தம் எழுதியிருக்க வேண்டும். மூன்று வரி போதும். எழுதவில்லை. நிலையம் திறந்ததைப் புதுச் செய்தியாக, ‘கொள்முதல் மீண்டும் தொடக்கம்’ என்று முந்தின நாளே எழுதி முடித்திருந்தேன், முதல் செய்தியில் ஒரு குறையும் இல்லாதது போல. அதுவே போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிருபர்கள் தவறை மறைப்பது பெரும்பாலும் இப்படித்தான். பொய் எழுத மாட்டோம். அடுத்த செய்தியை எழுதிவிடுவோம்.

படிப்பு முடிந்து வேதாரண்யம் பக்கம் கடலுயிர்ப் பாதுகாப்பு வேலையில் கொஞ்ச காலம் இருந்தாயே, அப்போது ஒரு நாள் மீனவர்கள் உன்னிடம் சண்டை போட்டதைச் சொல்லிச் சிரித்தாய். கடல் அட்டையைப் பிடிக்க நம் நாட்டில் முழுத் தடை. “அட்டையே வந்து வலையில உக்காந்துக்குது டாக்டர், அதுக்கு யாரு சட்டம் சொல்றது?” என்று ஒரு பெரியவர் கேட்டாராம். அதைச் சொல்லிவிட்டு நீ சொன்னதை நான் குறித்து வைத்திருக்கிறேன். தடை என்றால் யாரும் திரும்பி வந்து பார்க்க வேண்டியதில்லை. நிறுத்திவைப்பு என்றால், நிறுத்தியவன் நிபந்தனையைச் சொல்ல வேண்டும், திரும்பி வந்து பார்க்கவும் வேண்டும் என்றாய். ‘மூடல்’ உன் மனதிலும் கிடந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பன்னாட்டு உடன்படிக்கையிடம் போலீஸும் இல்லை, சிறையும் இல்லை. ஒரு நாடு தொடர்ந்து மூன்று ஆண்டு தன் வணிக அறிக்கையைத் தகுந்த காரணம் இல்லாமல் அனுப்பாவிட்டால், அல்லது தன் அனுமதிச் சீட்டில் உள்ளது உண்மைதான் என்று காட்ட முடியாவிட்டால், அந்த நாட்டின் சீட்டை ஏற்க வேண்டாம் என்று மற்ற நாடுகளுக்குச் சொல்லலாம். அவர்கள் கையில் உள்ள கடைசிக் கருவி அதுதான். வாய்க்கால் தலைமதகில், தண்ணீர் திறந்துவிடும் லஸ்கர் ஷட்டரை இறக்குவது போல. என்ன செய்தால் ஏற்றுவார்கள் என்பதும் அந்த உத்தரவிலேயே இருக்க வேண்டும். உன் தீவு நாட்டுக்கு முதலில் வந்தது அறிக்கை அனுப்பாததற்கான நிறுத்திவைப்பு. அந்த வேலையைப் பார்த்தவர் ஓய்வுபெற்றுப் போய், நாற்காலி காலியாகவே கிடந்திருக்கிறது. அந்த நாற்காலியில்தான் ஒப்பந்தப் பணியாளனாக உன்னை உட்கார வைத்தார்கள்.

நீ குடியிருக்கும் வீட்டுக்காரம்மாவைப் பற்றி முதல் மாதமே சொன்னாய். அவரும் அந்தக் கரைப் பெண்கள் சிலரும் கடலுக்குள் கம்பிக் கூண்டு வைத்து வண்ணச் சிப்பி வளர்க்கிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் அவற்றை வெளிநாட்டு மீன்தொட்டிகளுக்கு வாங்குவார்கள். அந்தச் சிப்பியும் உடன்படிக்கைப் பட்டியலில் இருப்பதால், சீட்டு செல்லாவிட்டால் விற்க முடியாது. சிப்பியை நிறுத்திவைக்க முடியுமா? அது பாட்டுக்கு வளர்கிறது. வளர்ந்துவிட்டால் தொட்டிக்குப் பெரிதாகிவிடும், யாரும் வாங்க மாட்டார்கள். ஒரு தவறும் செய்யாத அந்த அம்மா தினமும் தண்ணீருக்குள் இறங்கிக் கூண்டுகளைப் பாசி போகத் தேய்த்துவிட்டு வந்து, ஈரத் துணியோடே “முடிந்ததா?” என்று உன்னிடம் கேட்பார் என்றாய். அந்த மொழியில் நீ கற்றுக்கொண்ட முதல் வார்த்தையே ‘இன்னும் இல்லை’ என்பதுதான் என்றாய்.

மூன்று ஆண்டு அறிக்கையையும் நீ தயார் செய்துகொண்டிருந்தபோது கிளிகள் குறுக்கே வந்தன. ஏற்றுமதியான கிளிகள் எல்லாம் பண்ணையில் பொரித்தவை என்று சீட்டில் இருந்தது. நீ இரண்டு பண்ணைகளுக்குப் போனாய். பண்ணையில் பொரித்ததற்கு அடையாளமாகக் கிளியின் காலில் மாட்டும் மூட்டில்லாத வளையத்தைக் குஞ்சாக இருக்கும்போதுதான் போட முடியும். பாதம் வளர்ந்துவிட்டால் உள்ளே போகாது. அங்கே பல கிளிகளின் வளையங்கள் வெட்டி ஒட்டப்பட்டிருந்தன. இன்னும் சில வளையங்கள் விரலால் தொட்டால் சுற்றும் அளவுக்குத் தொளதொளவென்று இருந்தன. சீட்டில் சொல்லியிருந்த குஞ்சுகளைப் பொரிக்கத் தேவையான ஜோடிகளோ கூடுகளோ அங்கே இல்லை. அன்று மதியம், அங்கே சாயங்காலம், நீ எனக்குப் போன் செய்து சொன்ன முதல் வாக்கியம், “அம்மா, இது அந்த அடங்கல் கதைதான்.” பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த உன் அப்பா விடவில்லை. “கிளி காலுக்கு மோதிரம் சரியா இருக்கான்னு பாக்கத் தெரியுது. தன் விரலுக்கு எப்பப் பாக்கப்போறானாம், கேளு” என்றார். நீ கேட்காதது போல் பேச்சைத் தொடர்ந்தாய். கேட்டது என்று எனக்குத் தெரியும்.

உன் இயக்குநர் கெட்டவர் இல்லை என்று அன்றைக்கே சொன்னாய். அவர் கேட்டது உன்னைப் புரட்டிப் போட்டதற்கும் அதுதான் காரணம். சீட்டில் உள்ளதை அப்படியே அறிக்கையில் எழுது, அது நம் அலுவலகமே கொடுத்த சீட்டு, கிளி விவகாரத்தைப் பிறகு பார்க்கலாம், அந்தப் பெண்கள் காத்திருக்கிறார்கள் என்றிருக்கிறார். கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. உண்மையை எழுதினால் சிப்பிக்கும் சேர்த்து நாள் நீளலாம். எழுதாவிட்டால் சிப்பி போகும் கப்பலிலேயே காட்டுக் கிளியும் பண்ணைக் கிளியாகப் போகும். என்ன செய்யட்டும் என்று நீ என்னைக் கேட்பாய் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. வேலை முக்கியம் தம்பி என்றுகூடச் சொல்லியிருப்பேன். நீ கேட்டது வேறு.

“அம்மா, அந்தக் குடவாசல் ஐயா, நின்னிருப்பேன்னு சொன்னாருல்ல. என்ன தெரிஞ்சிருந்தா அவரு நின்னிருப்பாரு?”

எதுக்காக நிறுத்தியிருக்காங்க, என்னைக்குத் திறப்பாங்க, இந்த ரெண்டும் தெரிஞ்சிருந்தா நின்னிருப்பாரு என்றேன். “சரிம்மா” என்று வைத்துவிட்டாய்.

பிறகு நீ செய்ததை உன் வாயிலிருந்து கேட்டுத்தான் எழுதுகிறேன். அறிக்கையில் சிப்பியைத் தனியாகப் பிரித்து, ஒவ்வொரு கூண்டுக்கும் ஆதாரம் இணைத்தாய். கிளிப் பகுதியில், இவை பண்ணையில் பிறந்தவை என்று எங்களால் உறுதிப்படுத்த முடியவில்லை என்று எழுதி, கிளி வணிகத்தை நிறுத்திவைக்க உன் அலுவலகமே கேட்டுக்கொள்வதாக முடித்தாய். அதோடு நிற்கவில்லை. படகுத்துறைச் சுவரில், அந்தப் பெண்களின் மொழியில், ஒரு தாளை ஒட்டினாய். எதற்காக நிறுத்தியிருக்கிறார்கள், நாம் செய்து முடித்தது என்ன, பாக்கி என்ன, முடிவு எப்போது தெரியும். கிளியைப் பற்றிச் சொல்லப்போவதால் சில வாரம் கூடுதலாகலாம் என்பதையும் மறைக்காமல் எழுதினாய். அதை வாசித்த வீட்டுக்காரம்மா உன்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் அந்த வாரமே பாதிக் கூண்டுகளை, சிப்பி மெதுவாக வளரும் ஆழமான தண்ணீருக்கு மாற்றிவிட்டார். நாள் தெரிந்ததால்தான் அது அவரால் முடிந்தது.

இயக்குநர் அறிக்கையைப் பல நாள் மேசையில் வைத்திருந்தார். ஒரு காலையில் உன்னைக் கூப்பிட்டு, உன் வீட்டில் யாராவது பத்திரிகைக்காரர்கள் இருக்கிறார்களா என்று கேட்டாராம். அம்மா என்றாயாம். “தெரிகிறது” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாராம். எனக்கு விருது எதுவும் கிடைத்ததில்லை, தம்பி. இதை அந்த இடத்தில் வைத்துக்கொள்கிறேன்.

இந்தக் கருவி எல்லா இடத்திலும் பலிக்கும் என்று நான் எழுத மாட்டேன். நிறுத்திவைத்தால் கள்ளத்தனமாகப் போகும் என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பொருள் இல்லாமல் இல்லை. பெரிய நாட்டுக்கு ஒரு மாதிரி, சின்ன நாட்டுக்கு ஒரு மாதிரி என்ற குறையும் உண்டு. உன் தீவில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். நேற்றைய அறிவிக்கைக்குப் பிறகு சிப்பிக்குச் சீட்டு செல்லும். கிளிக்குச் செல்லாது. தவறு இருந்த இடத்தில் மட்டும் ஷட்டர் இறங்கியிருக்கிறது. பிள்ளைகளுக்கு எழுதும் கடிதத்தில் புத்திமதி சொல்வது வழக்கம். என்னிடம் உள்ளது ஒன்றே ஒன்று, அதையும் உன்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். ஒருவரை நிற்கச் சொன்னால், எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்துச் சொல். வீட்டிலும்தான். உன் அப்பாவை எத்தனையோ சாயங்காலம் ‘இதோ வந்துட்டேன்’ என்று பஸ் ஸ்டாண்டில் நிற்க வைத்துவிட்டுச் செய்தி எழுதிக்கொண்டிருந்தவள் நான்.

கடந்த திங்கட்கிழமை குடவாசலுக்குப் போனேன், இந்த முறை பஸ்ஸில். அறிவிக்கை அப்போது வரவில்லை. எப்படி வந்தாலும் இதை எழுதுவது என்று முடிவு செய்திருந்தேன். ராஜமாணிக்கம் சம்பாவுக்குக் களை எடுக்க ஆள் விட்டுவிட்டு வரப்பில் நின்றுகொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரிந்தது. அவர் சொன்ன ஒரு வாக்கியம் கடல் தாண்டிப் போய் என்ன செய்தது என்பதைச் சொன்னேன். அவருக்குச் சிப்பியும் கிளியும் கொஞ்சம் குழம்பின, அடங்கல் என்றதும் பிடித்துக்கொண்டார். “அங்கயும் தரிசுல வெள்ளாமை காட்டுறானுவளா?” என்று கேட்டுச் சிரித்தார். உன் பெயரைக் கேட்டார், பைக் ஓட்டிக்கொண்டு வந்த தம்பிதானே என்றார். பிறகு நான் வந்த வேலையைச் சொன்னேன். அன்றைக்குப் போடாத திருத்தத்தை இப்போது போடப்போகிறேன், உங்கள் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். மன்னிப்பும் கேட்டேன், அவர் மடை பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பேரு போடுங்கம்மா, அதுக்கென்ன. இந்தத் தடவயாவது மேல போடுங்க” என்றார்.

மேலே போட்டிருக்கிறேன். ஆசிரியரிடம், எத்தனை கட்டம் ஆனாலும் தலைப்பைச் சுருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இனி நிலுவையில் உள்ளவை. கிளிப் பண்ணைகளைச் சோதிக்க வெளியிலிருந்து ஒரு குழு வர வேண்டும். அவர்கள் அறிக்கை உடன்படிக்கையின் நிலைக்குழு அடுத்த ஆண்டு கூடும்போது எடுத்துக்கொள்ளப்படும், அதற்கு முன் முடிவு இல்லை. வீட்டுக்காரம்மாவின் முதல் சிப்பிப் பெட்டி, சீட்டு அச்சாகி வந்தால், இந்த மாதக் கடைசிக் கப்பலில் போகும். உன் ஒப்பந்தம் தையோடு முடிகிறது. நீட்டிக்கச் சொல்லி இயக்குநர் இன்னும் எழுதவில்லை, எழுதுவாரா என்பது கிறிஸ்துமஸுக்குள் தெரியும் என்றாய். எழுதாவிட்டால் நீ ஊருக்கு வருவாய். உன் பையனுக்கு வேலை போய்விட்டதா என்று இங்கே நாலு பேர் கேட்பார்கள். உன் அப்பா என்ன சொல்வது என்று என்னிடம் கேட்டார். சரியான சொல்லைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது.

அன்புடன்,
அம்மா